ராயர் கட்டிய வீடு

முன்னொரு காலத்தில் மல்லிக்காடு என்னும் நாட்டைக் கரிகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் மோர் குடிக்கும்போது மாறிவிடும். அவனுடைய பொக்கிஷச் சாவி வில்லவராயரிடம் இருந்தது. மந்திரி சிற்றம்பலவரைக் கண்டாலே ராயருக்கு ஆகாது.

அந்த ஊருக்கு இடுகாடு ஒன்றுதான். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் ஏரி, அகலப்படுத்த வழியில்லை. ராயரோ அதில் பாதியைத் தனக்கும் தன் குடும்பத்துக்கும் என்று கல்சுவர் எழுப்பி வளைத்துவிட்டார். குடும்பத்தில் எல்லாரும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள்.

பூக்காரி சடைச்சி சபைக்கு வந்தாள். அவள் புருஷனைப் புதைத்த மேடு அந்தச் சுவருக்குள் சிக்கியிருந்தது.

"அவர் பக்கத்துல எனக்கு ஆறடி வேணும் சாமி. வேற ஒண்ணும் கேட்கல."

ராஜா ராயரைப் பார்த்தான். சுவர் இல்லையென்றால் முள்தான் மண்டும், அதை வெட்ட வருஷா வருஷம் பொக்கிஷத்திலிருந்து கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்றார் ராயர். மந்திரியைப் பார்த்து இளித்தார். "சாகவும் கூடாது, கிழமாகவும் கூடாது. அப்படிப்பட்ட காவல் இருந்தால்தான் இடுகாட்டை என்றைக்கும் பார்த்துக்கொள்ள முடியும். மந்திரியார் கொண்டுவரட்டும், சுவரை இடிக்கிறேன். முடியாவிட்டால் அவருடைய முத்திரை மோதிரம் எனக்கு."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பாயசம். சரியென்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபைக்குள் ஓர் ஆட்டுமந்தை நுழைந்தது. ஒரு கிடா ராஜாவின் மாலையைக் கடித்தது.

"சாவா மூவா ஆடுகள் மகாராஜா," என்றார் சிற்றம்பலவர்.

"அந்தக் கிழட்டு ஆட்டுக்குப் பல்லே இல்லையே," என்று சிரித்தார் ராயர்.

அது போனால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தை மட்டும் குறையாது என்று மந்திரி விளக்கினார். தெருவுக்கு ஓர் ஆடாக, இறந்தவர்கள் பேரில் ஜனங்களே கொடுத்தது. முள்ளை ஆடு மேயும். மிஞ்சுகிற குட்டியும் பாலும் இடையருக்கும் வெட்டியானுக்கும் கூலி.

"மண்ணும் மந்தை மாதிரிதான் மகாராஜா. பழைய மேடு மண்ணோடு மண்ணானதும் அடுத்தவருக்கு இடம். வளைத்துப்போட்டால்தான் பற்றாது."

ராயருக்கு முகம் கறுத்தது. "ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. அதையா இடிப்பேன்?"

"வீடா?" என்றார் மந்திரி மெதுவாக. "கட்டிய வீட்டைப் பூட்டி வைக்கலாமா? இன்று நாள் நன்றாயிருக்கிறது. ஆடு இருக்கிறது, பாலுக்குக் குறைவில்லை. பால் காய்ச்சிக் குடிபோய்விடுங்களேன்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "ராயர் இன்றே குடிபோகட்டும். மேளத்துக்குச் சொல்லுங்கள்."

ராயர் அவசரமாகக் கும்பிட்டார். "எனக்கு... எனக்கு அந்தப் பழைய வீடே போதும் மகாராஜா."

பொழுது சாய்வதற்குள் தானே நின்று சுவரை இடித்தார். ராஜா தன் பங்குக்கும் ஓர் ஆடு விட்டு, மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டான். நல்லவேளை, கிடா கடித்தது பூமாலையைத்தான்.

சடைச்சி புருஷன் மேட்டில் ஒரு முழம் மல்லிகை வைத்தாள். இடம்தான் கிடைத்தாயிற்றே, இனி என்ன அவசரம் என்று மறுநாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பிறகு வெகுகாலம் பூ விற்றாள். வழியில் ராயரைப் பார்த்தால் மட்டும் கூடையை இறக்கிவைத்துப் பணிவாகக் கேட்பாள்:

"ராயரய்யா, பால் காய்ச்சியாச்சா?"