வாத்தின் மேல் தாய்மாமன்

கீழத்தட்டாங்குளத்தில் கொத்தனார் ஆவுடையப்பன் வீட்டுக்கு அறிவாளி வீடு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் அந்த வீட்டுக்காரர்களேதான். ஊரில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்தால் அவர்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் பொழுது போய்விடும்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கும் ஒரு கவலை வந்தது. கவலையின் பெயர் முகிலன், வயது இரண்டே முக்கால். நடப்பான், ஓடுவான், தெரு நாயை அதட்டுவான், அப்பாவின் செல்போனை எடுத்து சிமெண்ட் கடைக்காரருக்குப் போன் போடுவான். ஆனால் ஒன்னுக்கு வருகிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். விளையாடிக்கொண்டே இருப்பவன் சட்டென்று நின்று மோட்டுவளையைப் பார்ப்பான். மற்றவர்களும் என்னவோ ஏதோ என்று மேலே பார்ப்பார்கள். அதற்குள் கீழே வேலை முடிந்திருக்கும்.

அவன் அம்மா பேச்சிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் அவள் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் மிஷினில் உட்கார்ந்தவள். இப்போது சூப்பர்வைசர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மிஷினில் அவள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வேலைக்குப் போவதென்றால் பிள்ளையை எஸ்தர் டீச்சரின் மழலைப் பள்ளியில் விட வேண்டும். எஸ்தர் டீச்சரோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"எங்கிட்ட ஒரே சட்டம்தாம்மா. வந்தா வாயைத் திறந்து சொல்லணும். சொல்லத் தெரியாத யாரையும் உள்ள சேர்க்க மாட்டேன். போன வருஷம் பதினாலு பாயைத் தூக்கிப் போட்டேன்."

பேச்சிக்கனி பஸ் ஏறி ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் போய் அழுதாள். நர்ஸம்மாவுக்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒரு குட்டிக் கக்கூஸ் வாங்கும்மா. அதை ஒரே இடத்துல வை. இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்கன்னு இடம் மாத்தாதே. அரை மணிக்கு ஒரு தடவை பிள்ளைகிட்ட வருதான்னு கேளு. தானாப் பழகிடும்."

பேச்சிக்கனி ஒரு சொல்லும் சிந்திவிடாமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்றபோது, "அரை மணிக்கு ஒரு தடவை," என்றாள். அவர் கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

பஜாரில் வாத்து மாதிரி செய்த ஒரு பிளாஸ்டிக் கக்கூஸ் கிடைத்தது. மஞ்சள் உடம்பு, சிவப்பு மூக்கு, முதுகில் பிள்ளை உட்காருவதற்குப் பள்ளம். பார்த்த உடனே முகிலன் கையைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்து அதில் ஏறப் போனான்.

"ஏலே, எறங்கு!" என்று ஆவுடையப்பன் மகனைத் தூக்கினான். "எந்த இடம்னு இன்னும் முடிவாகலை. அதுக்குள்ள உட்கார்ந்தா எப்படி?"

உடனே கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் ஆவுடையப்பன், அவன் அக்கா குணவதி, அடுத்த வீட்டுப் பிச்சையா அண்ணாச்சி. அண்ணாச்சி அந்த வீட்டுக்காரர் இல்லை. ஆனால் தினமும் பேப்பரை விளம்பரம் உட்பட முழுசாகப் படிப்பவர் என்பதால் அறிவாளிகளோடு சேர்த்தி.

"அடுப்பங்கரையில வைக்கலாம்," என்றாள் குணவதி. "நான் பார்த்துக்கிட்டே சமைப்பேன்."

"ஹால்ல வைக்கணும்," என்றான் ஆவுடையப்பன். "அவன் டி.வி. பார்த்துக்கிட்டே போவான்."

பிச்சையா அண்ணாச்சி இரண்டு பேருக்கும் மனசு நோகாமல் தீர்ப்புச் சொன்னார். ஹாலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் இருக்கிற வாசல் நிலைக்குக் கீழே வைப்பது. இரண்டு பக்கமும் பாதிப் பாதி.

"வச்சாச்சு சரி," என்றான் ஆவுடையப்பன். "போற வாற ஆளு காலு பட்டா நகருமே. நகர்ந்தா இடம் மாறினதாத்தானே அர்த்தம்?"

பேச்சிக்கனி இரண்டு கையாலும் வாத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நர்ஸம்மா அத்தனை தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாரே!

"நான் கொத்தன்டி. எங்கிட்டயா?" என்றான் ஆவுடையப்பன்.

அன்றைக்குச் சாயங்காலமே தரையைக் கொத்தி, ஜல்லி போட்டு, சிமெண்டைக் குழைத்து, வாத்தை முக்கால் அடி ஆழத்துக்கு இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பூசி முடித்தான். இனி பூகம்பம் வந்தால் வீடு போகும், வாத்து போகாது.

"ஏன்வே, நிறைஞ்சா இதை எப்படிக் கவுத்திக் கழுவுவீரு?" என்று அண்ணாச்சி ஒரு சந்தேகம் கேட்டார்.

"முதல்ல நிறையட்டும் அண்ணாச்சி. அது இன்னும் வராத கவலை."

மறுநாள் காலையில் முகிலன் எழுந்த உடனே வாத்திடம் ஓடினான். தானாகவே டவுசரை இறக்கினான். ஐந்து நாளுக்கு யாரும் தொடக்கூடாது, சிமெண்டு இறுக வேண்டும் என்று அப்பா போட்ட சத்தத்தில் டவுசரை மறுபடி ஏற்றிக்கொண்டு அழுதான். அழுதபடியே வாத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த ஈரச்சாக்கின் மேல் ஒன்னுக்குப் போனான். ஆவுடையப்பன் குனிந்து பார்த்து, "பரவாயில்லை, சிமெண்டு இறுக எப்படியும் தண்ணி காட்ட வேண்டியதுதான்," என்று விட்டுவிட்டான்.

அந்த ஐந்து நாளும் சமையலுக்குப் போகிறவர்கள் வாத்தைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். குணவதி மட்டும் இரண்டு தடவை சாம்பாரோடு விழுந்தாள். ஆனாலும் நின்ற இடத்தில் நிற்கிற வாத்தைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ஆறாம் நாள் சாக்கை எடுத்தார்கள். பேச்சிக்கனி பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கப் போனாள். குணவதி குறுக்கே கையை நீட்டினாள்.

"அடியே! புதுசாக் கட்டினதுக்குப் பால் காய்ச்ச வேண்டாமா?"

அது நியாயம்தானே என்று எல்லோருக்கும் பட்டது. ஒரு கார் ஷெட் கட்டினாலும் பால் காய்ச்சுகிற ஊர். உடனே வாத்தைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் போட்டு, வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகி, பால் பொங்கியதும் சூடம் காட்டினார்கள். பிச்சையா அண்ணாச்சி மணியடித்தார். முகிலன் கண்கொட்டாமல் பார்த்தான். பிறகு கீழே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"எவ்வளவு பக்தி பாருங்க!" என்று பேச்சிக்கனிக்குக் கண் கலங்கியது.

அடுத்து அவனைத் தூக்கி வாத்தின் முதுகில் வைத்தபோதுதான் அவன் வீடே அதிரும்படி அலறினான். "சாமி! சாமி! கண்ணைக் குத்தும்!"

அதன் பிறகு அவனை வாத்துப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. தூரத்தில் நின்று கும்பிடுவான். கும்பிட்ட கையோடு மோட்டுவளையைப் பார்ப்பான்.

நர்ஸம்மா சொன்னதில் இனி பாக்கி அந்தக் கேள்வி ஒன்றுதான் என்று முடிவு செய்து, அரை மணிக்கு ஒரு தடவை கேட்பதற்கு மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டார்கள். செல்போனில் அலாரம் அடிக்கும். "வருதா?" என்று கேட்பார்கள். "இல்ல," என்பான். ஒருநாள் காலை பத்து இருபதுக்குக் குணவதியின் மடியிலேயே போய்விட்டான்.

"பத்தரைக்குத்தானேடா கேட்பேன்!" என்று குணவதி அவனிடம் வருத்தப்பட்டாள். "கேட்கிறதுக்கு முன்னாலயே போயிட்டா, நான் கேட்கிறதுக்கு என்ன மதிப்பு?"

வேலைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. பேச்சிக்கனி அடுப்பங்கரைக்குள் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். காலர் மிஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த ஒருத்திக்கு முகம் கூட வந்துவிட்டது. பிள்ளைக்கு ஏழு வயசாகி, மீசை முளைத்து, கல்யாண மேடையில் மோட்டுவளையைப் பார்த்தால் என்ன செய்வது என்று வரை அவள் யோசித்துவிட்டாள்.

அப்போதுதான் குணவதிக்குப் பொறி தட்டியது.

"ஏ பேச்சி, இவனுக்கு முடி எடுத்தது யாரு மடியில?"

"எங்க கொம்பையா அண்ணன் மடியில."

"காது குத்தினது?"

"அண்ணன் மடியிலதான் மதினி."

"பிறகு இதுக்கு மட்டும் தாய்மாமனை விட்டுட்டு நாமளே ஆரம்பிச்சா விளங்குமா? முறைன்னு ஒண்ணு இல்லையா?"

இவ்வளவு பெரிய தப்பை எப்படிச் செய்தோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் பிச்சையா அண்ணாச்சி. "பிள்ளை மாமன் மடியில உட்காரணும். பிள்ளை வாத்துலயும் உட்காரணும். அப்போ மடி மேல வாத்தா, வாத்து மேல மடியா?"

"வாத்தைப் பெயர்த்து மடியில வைக்க முடியாது. அது நான் பூசின பூச்சு," என்றான் ஆவுடையப்பன் கொஞ்சம் பெருமையாக.

"அப்ப மடிதான் வாத்துக்கு வரணும்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொம்பையா தாம்பாளத்தில் பழம், பூ, புதுச் சட்டை, டவுசரோடு வந்து சேர்ந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். மண்டித் தராசில் நூற்றெட்டுக் கிலோ. தங்கச்சி மகனுக்காக எதையும் செய்யக்கூடியவர். குணவதி குலவை போட, வேட்டியை இழுத்துவிட்டு வாத்தின் மேல் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு மாப்பிள்ளை."

"புதுசுல்லா மச்சான், அப்படித்தான் இருக்கும்."

சாமி மேலேயே மாமா உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து முகிலன் திகைத்து நின்றான். மாமாவின் கண் குத்தப்படவில்லை. மெதுவாகக் கிட்டே வந்தான். மடியில் ஏறினான். வாத்தின் சிவப்பு மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். ஐந்து நிமிஷம் அப்படியே போனது. பிறகு மோட்டுவளையைப் பார்க்காமல், மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"மாமா, வருது."

பேச்சிக்கனி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. "என்ன ராசா சொன்னே?"

"வருது."

"இப்ப மணி ஏழு இருபத்தஞ்சு," என்றார் பிச்சையா அண்ணாச்சி கவலையோடு. "இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தானே நாம கேட்கணும்?"

"இருக்கட்டும் அண்ணாச்சி! சொல்லிட்டான்லா!"

சொன்னபடியே வந்தது. அத்தனையும் கொம்பையாவின் புது வேட்டியில். குணவதி மறுபடியும் குலவை போட்டாள். பேச்சிக்கனி பிள்ளையை அள்ளி முத்தம் கொடுத்தாள். வாத்து ஒரு சொட்டும் படாமல் பளபளவென்று இருந்தது. ஆனாலும் காரியம் வாத்தின் மேல்தானே நடந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

"சரி, எந்திரிக்கேன்," என்றார் கொம்பையா.

எழுந்திருக்க முடியவில்லை. ஆவுடையப்பன் ஒரு கையையும் அண்ணாச்சி ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். தோள்பட்டை வந்தது, மற்றது வரவில்லை. குணவதி நல்லெண்ணெய் ஊற்றினாள். கொம்பையா வழவழவென்று இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே இறங்கினார். மணி ஒன்பதாகிவிட்டது.

"வாத்தை அறுத்து எடுத்திரலாம்," என்றார் அண்ணாச்சி.

பேச்சிக்கனி பதறிப்போனாள். "ஐயோ, வேண்டாம்! இன்னிக்குத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கான். வாத்தையும் அண்ணனையும் பிரிச்சா மறந்திருவான். எனக்கு வேலை போயிரும்!"

வேறு வழி இல்லை. ஆவுடையப்பன் உளியையும் சுத்தியலையும் எடுத்தான். தன் கையால் பூசியதைத் தன் கையால் உடைக்கும்போது அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சானையும் வாத்தையும் சுற்றி வட்டமாகத் தரையைக் கொத்தி, அடியோடு பெயர்த்தெடுத்தான்.

"ஆனா நர்ஸம்மா இடம் மாத்தக்கூடாதுன்னு சொன்னாவளே?" என்று பேச்சிக்கனிக்கு அடுத்த பயம் வந்தது.

பிச்சையா அண்ணாச்சி குனிந்து பார்த்தார். வாத்துக்குக் கீழே அரைக்கால் மூட்டை சிமெண்டும் இரண்டு சதுர அடித் தரையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இடம் மாறலைம்மா," என்றார். "இடமும் கூடவேதான் வருது."

லோடு ஆட்டோவில் ஏற்றிப் பத்து மணிக்கு மழலைப் பள்ளியில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆறு பேர் பிடித்தார்கள். கொம்பையா தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தபடி வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் சார்," என்றார்கள்.

எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கேட்பதற்கு அவருக்கு எவ்வளவோ இருந்திருக்கும். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் முகிலன் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி "வருது!" என்றான். வேட்டியும் சாட்சி சொன்னது.

"பிள்ளை சொல்லுது," என்றார் டீச்சர் மெல்ல. "சேர்த்துக்கிடுதேன். ஆனா இவரு?"

"அண்ணன் இல்லாம அவன் போக மாட்டான் டீச்சர்," என்றாள் பேச்சிக்கனி. "அதனால அண்ணனும் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பாக. ஒரு ஓரமா இருந்துக்கிடுவாக."

டீச்சர் கொம்பையாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். புதிதாக வாங்கிய பாய்களையும் பார்த்தார்.

"நாள் முழுக்க இங்க இருக்கிற யாரா இருந்தாலும் எனக்கு ஒரே சட்டம்தான். இவரு வாயைத் திறந்து சொல்லுவாரா?"

பதினெட்டு நாளாகப் பிள்ளையைப் பற்றியே நினைத்ததில் இதை அறிவாளிகள் யாருமே யோசிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து முப்பது. கம்பெனிக்கு இருபது நிமிஷ நடை. பேச்சிக்கனி அண்ணனுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே," என்றாள், "வருதா?"

கொம்பையா காலையிலிருந்து மூன்று டம்ளர் காப்பி குடித்திருந்தார். கூச்சத்தோடு பிள்ளைகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒற்றை விரலை மேலே தூக்கினார்.

"வாயைத் திறந்து," என்றார் டீச்சர்.

"வருது டீச்சர்."

டீச்சர் பதிவேட்டைத் திறந்து, முகிலனுக்குக் கீழே ஒரு வரி விட்டுப் பேனாவை வைத்தார். "வயசு?"

"ஐம்பத்திரண்டு," என்றாள் பேச்சிக்கனி. பையை எடுத்துக் கம்பெனியைப் பார்த்து ஓட ஆரம்பித்தவள், வாசலில் ஒரு நிமிஷம் நின்று, நிறைந்த மனசோடு திரும்பிப் பார்த்தாள். "எங்க அண்ணனுக்கு எப்பவுமே புத்தி கூர்மை டீச்சர். பிள்ளைக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. அண்ணன் பாருங்க, ஒரே காலையில பழகிட்டாக!"