இரண்டு கையிலும் மருதாணி

"பூவரசி என் பிள்ளை. டீச்சர், அவளை எதுக்குப் பெனிட்டாகிட்ட கொடுத்தீங்க?"

இசக்கி வாசலிலேயே நின்று கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பகவதி டீச்சர் உள்ளே தரையில் உட்கார்ந்து, ஒரு கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் சரியாக மடங்காத பிள்ளைகளுக்குக் காம்பு தடிமனாக இருந்தால்தான் பிடிக்க வரும்.

"பெத்தது யாரு?" என்றாள் டீச்சர்.

"பெத்தது மாரிச்செல்வி அக்கா. நான் அதைச் சொல்லலை."

"சரி."

அவ்வளவுதான். டியூப் இன்னொரு சுற்று சுற்றியது.

இவர்கள் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆக்குபேஷனல் தெரபி என்று அதற்குப் பேர். பேர்தான் நீளம். பல் தேய்க்கிறது, சட்டை மாட்டுகிறது, சோறு அள்ளித் தின்கிறது என்று நாமெல்லாம் எப்போது படித்தோம் என்றே தெரியாத காரியங்கள் இருக்கிறதே, அதைக் கை கால் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்கிற வேலை. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டு இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டுக்கே போய், அது தின்கிற தட்டிலேயே.

பகவதி டீச்சர் அந்தச் சுற்று வட்டாரத்தில் ரொம்ப காலமாக இதைச் செய்கிறாள். படிப்பு முடித்த கையோடு இரண்டு பெண்கள் அவளிடம் வேலைக்கு வந்தார்கள். ஒருத்தி இசக்கி. இன்னொருத்தி பெனிட்டா.

இசக்கிக்குக் கிடைத்த முதல் பிள்ளை பூவரசி.

பூவரசிக்கு ஆறு வயது. பிறக்கும்போதே மூச்சு முட்டிப் பிறந்தவள். இடது கை நெஞ்சோடு மடங்கியே கிடக்கும், விரல் பிரியாது. வலது கை வரும், ஆனால் நடுங்கும். 'இசக்கி அக்கா' என்று நாக்குப் புரளாது. 'இச்சிக்கா' என்பாள்.

ஆடியில் ஆரம்பித்து, பிள்ளையின் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கி, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகப் பழக்கினாள் இசக்கி. பிள்ளையும் பழகியது. இச்சிக்கா கை கீழே வந்தால் கரண்டி மேலே போகும்.

தையில் இரண்டு பேரும் போகிற ஊர்களை டீச்சர் மாற்றிக் கொடுத்தாள். பூவரசி ஊர் பெனிட்டாவுக்குப் போயிற்று.

மாசி பிறந்ததுமே பூவரசி தானாகச் சாப்பிட்டுவிட்டாள்.

அவள் அம்மா மாரிச்செல்வி அதை செல்போனில் வீடியோ எடுத்து, எல்லாருக்கும் பொதுவான வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கீழே 'பெனிட்டா டீச்சருக்கு நன்றி' என்று எழுதியிருந்தாள். எல்லாரும் கை கூப்பினார்கள்.

இசக்கி அந்த வீடியோவைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். ஓரத்தில் பெனிட்டாவின் துப்பட்டா நுனி தெரிந்தது. அதையே பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு அலைஞ்சது பூரா நான் டீச்சர். தாலி கட்டுற நேரத்துல அவ வந்து போட்டோவுல நிக்கா."

டீச்சர் சிரிக்கவில்லை. "டீ குடிக்கியா?" என்றாள்.

எழுந்து போய் டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். இசக்கி டம்ளரைத் தூக்கினாள். டீச்சர் தன் கையை நீட்டி இசக்கியின் முழங்கையைக் கீழே தாங்கிக்கொண்டாள்.

இசக்கி விலகினாள். கையும் கூடவே போயிற்று.

அடுத்த மடக்குக்கும் அதே கை.

டீ இசக்கியின் தாவணி மாதிரிப் போட்டிருந்த ஷாலில் சிந்தியது.

"கையை எடுங்க டீச்சர். எனக்குக் குடிக்கத் தெரியும்."

டீச்சர் கையை எடுத்துவிட்டு, டியூபைச் சுற்றப் போய்விட்டாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, இதில் விளையாட்டு வேறு என்று இசக்கி முணுமுணுத்துக்கொண்டே போனாள்.


மறுநாள் மத்தியானம் இசக்கியின் ஸ்கூட்டி தானாகவே பூவரசி ஊருக்குத் திரும்பியது. தானாக என்றுதான் அவள் பிறகு சொன்னாள். ஸ்கூட்டிக்கு என்ன பொறாமை.

மாரிச்செல்வி மடியில் பீடித் தட்டை வைத்து இலை சுருட்டிக்கொண்டிருந்தாள். பூவரசி சுவரில் சாய்ந்து, கரண்டியால் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு பாதி வாயில், பாதி பாவாடையில்.

"இச்சிக்கா."

பிள்ளை கரண்டியைக் கீழே போட்டது. வாயை ஆவென்று திறந்தது. வலது முழங்கையைத் தூக்கிக் காட்டியது.

இசக்கிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பார்த்தாயா பெனிட்டா என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். முழங்கையைத் தாங்கினாள். கரண்டி மேலே போயிற்று. தட்டு காலியாகிற வரைக்கும் எடுக்கவில்லை.

"அவளேதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா டீச்சர்," என்றாள் மாரிச்செல்வி, மெதுவாக.

"இருக்கட்டும்க்கா. இன்னிக்கு ஒரு நாள்."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. பேரெல்லாம் பதிஞ்சாச்சு. தானா சாப்பிட்டா சத்துணவுக்கு எல்லாப் பிள்ளைகளோடயும் உட்காரலாம்னு சொன்னாங்க. ஊட்டி விட அங்க ஆள் இல்லையாம்."

"நல்லா உட்காருவா," என்றாள் இசக்கி. அவள் காதில் பாதிதான் விழுந்தது. குரூப்பில் இந்தத் தட்டை யாரும் வீடியோ எடுத்துப் போடவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.


அன்று சாயங்காலம் பூவரசி கரண்டியைத் தொடவில்லை. மறுநாள் காலையிலும் தொடவில்லை. முழங்கையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. மாரிச்செல்வி தாங்கினால் அந்தக் கை வேண்டாம் என்றது. பெனிட்டா போனாள். அவள் கையும் வேண்டாம் என்றது.

பெனிட்டா டீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்து, இசக்கி முன்னால் நின்றாள்.

"எதுக்குப் போன?"

"பாக்கப் போனேன்."

"என் முறைக்கு எதுக்கு நீ போன?"

"உன் முறையா? நான் பழக்கி வச்ச பிள்ளையைத் தானே நீ வீடியோ எடுக்க வச்ச?"

பெனிட்டாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை. இறங்கியது.

"நான் என்ன பழக்குனேன்? முதல் நாளே கையை வச்சேன். தட்டி விட்டுட்டா. இச்சிக்கா கைதான் வேணுமாம். தொட்டா அழுதா. நான் கதவோரமாப் போய் உட்கார்ந்துக்கிட்டேன். பசிச்சுது, தின்னா. இதுல நான் என்னத்தைக் கிழிச்சேன்?"

பெனிட்டா இசக்கியின் போனைக் கைகாட்டினாள்.

"அந்த வீடியோவைப் பாத்தியே, அவ கண்ணைப் பாத்தியா?"

இசக்கி போனை எடுத்தாள். இத்தனை தடவை பார்த்த வீடியோதான். பூவரசி ஒரு வாய் சாப்பிட்டாள், வாசலைப் பார்த்தாள். இன்னொரு வாய், இன்னொரு தடவை வாசல்.

"நீ வாரியான்னு பாக்கா," என்றாள் பெனிட்டா. "நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். என்னை ஒரு தடவை பாக்கலை. எனக்கு எரியாதா?"

பகவதி டீச்சர் அப்போதுதான் உள்ளே வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். குடையைச் சாய்த்து வைத்தாள்.

"கையை எடுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றாள் இசக்கி.

"சொன்னேன். தீபாவளிக்கு முன்னால சொன்னேன். பொங்கலுக்கு முன்னால சொன்னேன். இன்னும் ஒரு வாரம் டீச்சர்னு நீதான் சொன்ன."

"கை நடுங்குச்சு டீச்சர்."

"யாரு கை?"

வெளியே ரோட்டில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். இசக்கி தன் கையை ஷாலுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் இனிமே அந்த ஊர்ப் பக்கமே போகலை டீச்சர். வேலையே வேண்டாம். நான் இல்லைன்னா அவ சாப்பிட்டுக்கிடுவா."

"வாசலைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவா," என்றாள் டீச்சர்.

பிறகு கொல்லைப்பக்கம் போனாள். இலை ஒடிக்கிற சத்தம் கேட்டது. மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு கிண்ணத்தில் பச்சையாக எதையோ வழித்துக்கொண்டு வந்து பெனிட்டாவிடம் கொடுத்தாள்.

மருதாணி.

"பூவரசி வீட்டுக்கு ரெண்டு பேரும் போங்க. சாப்பிடுற நேரத்துக்கு இசக்கி ரெண்டு கையிலயும் வச்சு விடு. காயுற வரைக்கும் எந்திரிக்கப்படாது."

"டீச்சர், இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றாள் இசக்கி.

டீச்சர் அடுத்த கரண்டியை எடுத்துக்கொண்டாள்.


பூவரசி வீட்டில் பெனிட்டா அள்ளி அள்ளி வைத்தாள். உள்ளங்கை, விரல், விரல் இடுக்கு, மணிக்கட்டு வரைக்கும்.

"நகத்துக்கு மட்டும் போதும்ட்டி."

"கையை நீட்டு."

"இது மருதாணியா, பூச்சு வேலையா?"

"ஆட்டாத. டீச்சர் சொல்லியிருக்காங்க."

பெனிட்டாவுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இசக்கிக்கும் அது தெரிந்தது. வைத்து முடித்துவிட்டுப் பெனிட்டா கதவோரமாய், தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மாரிச்செல்வி பிள்ளைக்குத் தட்டு வைத்தாள். ரசஞ்சோறு. தடித்த காம்புக் கரண்டி.

"இப்படி வச்சுக்கிட்டா நீங்க எப்படி டீச்சர் சாப்பிடுவீங்க?" என்று இசக்கியைக் கேட்டாள். "நான் ஊட்டி விடவா?"

"வேண்டாம்க்கா. எனக்குப் பசிக்கலை."

பூவரசி முழங்கையைத் தூக்கியது. வாயைத் திறந்தது.

இசக்கி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "மருதாணி பாரு பூவு. தொட்டா அழிஞ்சிரும்."

பிள்ளை கையைப் பார்த்தது. வாயை மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் திறந்தது.

இசக்கியின் வலது கை அவளைக் கேட்காமலே எழுந்தது.

"மருதாணி," என்றாள் கதவோரத்திலிருந்து பெனிட்டா.

கை மடிக்குத் திரும்பியது.

பூவரசி அழுதது. மாரிச்செல்வி பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழப் போனாள். பெனிட்டா அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். மூன்று பெரிய மனுஷிகள் இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை பசியில் அழுகிறது, யாரும் எழவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு வேலை உலகத்தில் இல்லை.

இசக்கி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. மருதாணி ஓரம் வெடித்து மடியில் உதிர்ந்தது.

அழுகை தேய்ந்தது. சோற்றில் ஈ உட்கார்ந்தது.

பூவரசி ஈயைத்தான் முதலில் விரட்டியது. விரட்டின கை கரண்டி மேல் விழுந்தது. விழுந்த கை அதைப் பிடித்தது.

நடுங்கி, கொட்டி, கடைசியில் ஒரு வாய் போயிற்று.

பிள்ளை இந்தத் தடவை வாசலைப் பார்க்கவில்லை.

இன்னொரு வாய். அப்புறம் இன்னொன்று.

அடுத்ததை அள்ளிக்கொண்டு கரண்டி பாதி வழி வந்தது. நின்றது. பூவரசி இசக்கியின் கையைப் பார்த்தாள். அப்புறம் இசக்கியின் வாயைப் பார்த்தாள்.

கரண்டி திரும்பியது.

"இச்சிக்கா. ஆ."

இசக்கி வாயைத் திறந்தாள். கரண்டி தூரம் போகப் போக அதிகமாக ஆடியது. பருக்கை ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது.

அப்போது அந்த இடது கை, நெஞ்சோடு மடங்கிக் கிடந்த கை, ஆடியிலிருந்து இசக்கி நீவி நீவி விட்டும் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டும் விரியாத கை, மெல்ல இறங்கி வந்தது. முழுசாக விரியவில்லை. பாதிக் கிண்ணம் மாதிரி வந்து இசக்கியின் தாடைக்குக் கீழே நின்றது.

"சிந்தாத," என்றாள் பூவரசி.

இசக்கி மென்றாள். ரசத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.


சாயங்காலம் இரண்டு பேரும் வந்தபோது டீச்சர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பூவரசி?"

"சாப்பிட்டா டீச்சர். திங்கக்கிழமை தட்டோட போறா."

"நீ என்ன செஞ்ச?"

இசக்கி இரண்டு கையையும் நீட்டினாள். நன்றாகச் சிவந்திருந்தது.

"ஒண்ணும் செய்யலை டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டினாள். டியூபைக் கத்தரித்தாள்.

பெனிட்டா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். வைத்து விட்டதில் அவள் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள்.

"டீச்சர்," என்றாள். "நானும் ஒரு பிள்ளைகிட்டயிருந்து கையை எடுக்காமத்தான் இருக்கேன். அந்த மருதாணியில மிச்சம் இருக்கா?"