பொட்டு குடித்த வயதுப்பால்

அந்தக் காலத்தில் பூனையும் பேசும், எலி எதிர்த்தும் பேசும். பிறக்கிற ஒவ்வோர் உயிருக்கும் ஆயுள்காரி ஒரு குடம் வயதுப்பால் கொடுப்பாள். மனிதனுக்கும் பூனைக்கும் ஒரே அளவுக் குடம்தான். பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கால் ஆண்டுக்கு ஒரு சங்கு குடிக்க வேண்டும். ஒரு வயது ஏறும். அதற்கு மேல் சொட்டுகூடக் கூடாது என்பது அவள் கட்டளை.

செம்பாயிக்கு மாயழகு பிறந்த அன்றே அவள் அடுப்படியில் பொட்டு என்ற பூனைக்குட்டியும் பிறந்தது. இரண்டு குடங்களும் ஒரே மூலையில் இருந்தன. தொட்டிலுக்கு அடியில்தான் பொட்டு தூங்கும். மாயழகு சிரித்தால் அதற்கும் சிரிப்பு வரும்.

அந்த மாதமே ஓர் எலி நெற்குதிரில் ஓட்டை போட்டு விதைநெல்லைத் தின்னத் தொடங்கியது. செம்பாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“விதை போச்சுன்னா எதை விதைக்கிறது? எம்புள்ளை கஞ்சிக்கு எங்கடி போவேன், பொட்டு?”

பொட்டு வாலைத் தூக்கிக்கொண்டு குதிருக்குப் போனது. எலி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

“பால் மணம் மாறல, சண்டைக்கு வந்துட்டா! போயி வளர்ந்துட்டு வாடி!”

முறைப்படி வளர்ந்து முடிப்பதற்குள் குதிரில் உமிதான் மிஞ்சும். பொட்டு சங்கைத் தேடவில்லை. நேராகக் குடத்துக்குள் தலையை விட்டது. கொஞ்சம் குடித்தால் போதும் என்றுதான் நினைத்தது. பாலில் வாய் வைத்த பூனை எங்கே நிறுத்தும்? தலையை எடுத்தபோது பதினைந்து சங்கு உள்ளே போயிருந்தது. மீசை விறைத்தது, நகம் நீண்டது. எலி சிரித்து முடிப்பதற்குள் அதன் கதை முடிந்தது.

மறு ஆண்டு எலியின் சொந்தபந்தமெல்லாம் திரண்டு வந்தது. பொட்டு இன்னும் ஒன்பது சங்கு இழுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தது.

விதைநெல் பிழைத்தது. ஆனால் ஆயுள்காரி வந்து குடத்தை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“அடிப்பாவி! உன்கூடப் பொறந்தவன் இன்னும் மழலை பேசுறான். உனக்கு இருபத்துநாலு ஆயிருச்சேடி!”

“இனிமே ஒரு சங்குதான் குடிப்பேன், தாயே.”

“கிழிச்ச! ருசி கண்ட நாக்கு. வருசத்துக்கு நாலு சங்குக்குக் கீழே உன்னால நிறுத்த முடியாது.”

பொட்டுக்கு அப்போதுதான் பயம் வந்தது. “மாயழகுக்கு மீசை முளைக்கிறதையாவது பாப்பேனா?”

ஆயுள்காரி குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். “அரும்பு மீசையைப் பாப்ப. நரைச்ச மீசையைப் பாக்க மாட்ட.”

அந்நேரம் பார்த்து மாயழகு வாயெல்லாம் கஞ்சியோடு ஓடிவந்து பொட்டின் வாலைப் பிடித்து இழுத்தான். பொட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அது போதும் தாயே. இவன் பசியில்லாம வளர்ந்தாப் போதும்.”

அன்று முதல்தான் பூனைக்கு முதல் ஆண்டில் பதினைந்து வயதும், அடுத்த ஆண்டில் ஒன்பதும், பிறகு ஆண்டுக்கு நான்குமாக ஏறுகிறது. கூடவே பிறந்த பிள்ளைக்கு மீசை அரும்பும்போது, பூனை கிழமாகி அவன் மடியில் நிம்மதியாகத் தூங்குகிறது.