தெருவைப் பார்த்துத் தேய்த்தவர்

"மேஸ்திரி, ஒரே ஒரு பாதையை எனக்கு முழுசா விட்டுத் தாங்க. நாலு வருசமாக் கேக்குறேன்" என்றார் சீனிச்சாமி.

வெள்ளைத்தாய் டீக் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கோங்கண்ணே. வியாழக்கிழமை சாத்தூர்ல ஒண்ணு இருக்கு."

சண்டை போடத் தயாராக வந்தவருக்குச் சண்டையே கிடைக்கவில்லை. 

"சரியா வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா தனியா ஆள் சேத்துக்கோங்க. நானே வேலை பிடிச்சுத் தர்றேன்."

"ஒரு கண்டிசன். நடுவுல யாரும் குறுக்கப் பேசக் கூடாது. இதைச் செய்யி, அதைச் செய்யின்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

"நானுமா?"

"நீங்கதான் முக்கியமா."

அவள் சிரித்துவிட்டாள். "சரிண்ணே. வாயைத் தச்சுக்கிறேன்."

சீனிச்சாமிக்கு நாற்பத்தொன்பது வயது. இருபது வருஷம் சுவர் கட்டினவர், பூச்சு வேலையில் பேர் வாங்கினவர். கான்கிரீட் தளம் மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான வெள்ளைத்தாயிடம் போய்ச் சேர்ந்தார். வீட்டு வாசலில் கார் போகிற பாதை போட அந்த வட்டாரத்தில் அவளுடைய கொத்தனார் செட்டை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சீனிச்சாமிக்கு அவள்மேல் மரியாதையும் உண்டு, பொறாமையும் உண்டு. இரண்டையும் மறைக்கத் தெரியாத மனுஷன்.

கிளம்பும்போது வெள்ளைத்தாய் கேட்டாள்.

"வியாழக்கிழமைதான உங்க மக சுகந்திக்கு நிச்சயம்?"

"அது சாயங்காலம் ஆறரைக்கு. நான் மூணு மணிக்கெல்லாம் முடிச்சிருவேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்டிஷன் அப்போதே அமலுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை வீட்டைவிட்டு இறங்கும்போது சுகந்தி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு மட்டும் லேட்டாக்கிராதீங்க."

"அட போம்மா. உங்கப்பன் தட்டு மாத்தாம வேற எவன் மாத்துவான்?" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

சாத்தூரில் அது புது வீடு. இன்னும் யாரும் குடிவரவில்லை. சாவி சென்னையில் இருக்கும் முதலாளி கையில். கேட்டிலிருந்து போர்டிகோ படி வரைக்கும் நாற்பதடி நீளம், பத்தடி அகலம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், சுவர் உச்சியில் கண்ணாடிச் சில்லு.

வெள்ளைத்தாயின் செட்டில் ஏழு பேர். வேலை ஆரம்பித்தால் அங்கே பேச்சுச் சத்தம் இருக்காது, கலவை மிஷின் சத்தம்தான் இருக்கும். கொட்டுகிறவர் கொட்ட, பரப்புகிறவர் பரப்ப, இரண்டு பேர் மட்டப்பலகையின் இரண்டு முனையையும் பிடித்து ரம்பம் அறுப்பது போல இழுத்துக்கொண்டே வந்தார்கள். படியருகே ஆரம்பித்த கான்கிரீட் மதியத்துக்குள் கேட்டுக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்கென்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லை. தளத்தின் மேல் கசிந்த தண்ணீர் போவேனா என்று நின்றது.

இன்னொருவராக இருந்தால் அவசரப்பட்டு அதன்மேல் சிமெண்டைத் தூவித் தேய்த்திருப்பார். மேலே பளபளப்பாக இருக்கும், மூன்றாம் மாதம் பொருக்குப் பொருக்காகப் பெயரும். சீனிச்சாமி அதைச் செய்யவில்லை. சும்மா சொல்லக் கூடாது, கைகாரர்தான். மணி இரண்டானது. இரண்டரை ஆனது. கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குத் தளம் விரல் சொன்னபடி கேட்டது. தேய்க்கிற கட்டையையும் வழிக்கிற கரண்டியையும் எடுத்தார்.

இந்த வேலையை முன்னால் போய்ச் செய்ய முடியாது. இரண்டு பலகைத் துண்டைப் போட்டு, அதன்மேல் முட்டி போட்டு, எட்டுகிற வரைக்கும் தேய்த்து, தென்னை விளக்குமாற்றால் வரி இழுத்து, பிறகு பலகையைப் பின்னால் நகர்த்திக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். முடித்த இடம் எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

வழக்கமாக வீட்டுப் படியில் ஆரம்பிப்பார்கள். கேட்டில் வந்து முடிப்பார்கள்.

சீனிச்சாமி கேட்டைப் பார்த்தார். அங்கே கூட்டம். எதிர் டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர், பக்கத்துத் தெருவில் வேலை செய்கிற கொத்தனார்கள் நாலு பேர், கைப்பிள்ளையோடு இரண்டு பெண்கள். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு வருஷம் கழித்துக் கையில் கிடைத்த பாதை. இத்தனை பேர் வந்து நிற்கிறார்கள். இவர்களுக்கு என் முதுகையா காட்டுவது?

மனசில் அவ்வளவுதான் ஓடியது. கேட்டுக்கு உள்ளே நாலடி போய், பலகையைப் போட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

செட்டில் ஒருத்தர் பதறிப்போய், "மேஸ்திரி, அண்ணன் என்ன…" என்று வாயெடுத்தார்.

வெள்ளைத்தாய் உதட்டில் விரலை வைத்தாள்.

கட்டை வட்டம் வட்டமாகச் சுழன்றது. கரண்டி வழித்துக்கொண்டு போனது. விளக்குமாறு மெல்லிசாக வரி இழுத்தது.

"அடேங்கப்பா, பட்டுச் சேலைக் கரை மாதிரியில்ல வருது!" என்றார் டீக்கடைக்காரர்.

"கையா அது?" என்றார் ஒரு கொத்தனார்.

சீனிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பாதிக் கண் வேலையில் இருந்தது, பாதிக் கண் கேட்டில் இருந்தது. யாராவது தலையாட்டினால் இவரும் லேசாகத் தலையாட்டினார். அப்படியே பின்னால் நகர்ந்து, நகர்ந்து, ஐந்து மணிக்கு அவர் குதிகால் போர்டிகோ படியில் முட்டியது.

படியேறி, இடுப்பில் கைவைத்து நின்றார். நாற்பதடியும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து மச்சான் ஐயாத்துரை பைக்கில் வந்து இறங்கினார். தோளில் சலவை வேட்டி, சட்டை.

"மச்சான்! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவில்பட்டி தாண்டிட்டாங்களாம். சீக்கிரம் வாங்க!"

"இந்தா வந்துட்டேன்" என்று சீனிச்சாமி ஒரு காலைத் தூக்கினார்.

தூக்கின கால் அந்தரத்தில் நின்றது.

முன்னால் நாற்பதடி ஈரத்தளம். இடது பக்கம் சுவர், வலது பக்கம் சுவர், முதுகுக்குப் பின்னால் பூட்டின கதவு.

முதலில் சிரித்தது கைப்பிள்ளைக்காரி ஒருத்திதான். பிறகு டீக்கடை மொத்தமும் சிரித்தது.

"மேஸ்திரி!" என்று கத்தினார் சீனிச்சாமி. "எப்படி வெளிய வர்றது?"

வெள்ளைத்தாய் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

"பேசுங்க தாயி, பேசுங்க! கண்டிசன் எல்லாம் வேணாம்!"

"அப்பாடா, தாடையே வலிச்சுப் போச்சு."

"ஆரம்பிக்கும்போதே சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீங்க வச்ச கொழுக்கட்டைதாண்ணே."

ஐயாத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. "இது எப்ப இறுகும்?"

"காலையில நடக்கலாம்" என்றாள் வெள்ளைத்தாய்.

"காலையிலயா? அப்பன் இல்லாம எப்படித் தட்டு மாத்துறது? மச்சான், உங்க மக மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? பேசாம நடந்து வந்துருங்க!"

சீனிச்சாமிக்குக் காலையில் வாசலில் நின்ற சுகந்தி கண்ணுக்குள் வந்து நின்றாள். நடக்க வேண்டியதுதான். நாற்பதடி என்ன பெரிய தூரம்? இருபது எட்டு.

காலை இறக்கினார். கான்கிரீட்டுக்கு ஒரு விரற்கடை மேலே கால் நின்றுவிட்டது. அதற்குமேல் இறங்க மாட்டேன் என்றது. மறுபடியும் பார்த்தார். முடியவில்லை.

படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மனசு வரல மேஸ்திரி. மகளா, இந்தத் தளமான்னு கேட்டா மகதான். ஆனா காலு எறங்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

வெள்ளைத்தாய் சேலைமேல் போட்டிருந்த சட்டையின் கையை மடித்துவிட்டாள். ஒரு சட்டியில் கொஞ்சம் சாந்து அள்ளிக்கொண்டாள். தன்னுடைய இரண்டு பலகைத் துண்டை அக்குளில் இடுக்கினாள்.

கேட்டைத் திறந்து, பாதையின் நட்ட நடுவில், வெறுங்காலோடு நடந்து வந்தாள்.

"ஐயோ! ஐயோ!" என்று எழுந்தார் சீனிச்சாமி.

 அவள் சந்தைக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். கால் விரல் அஞ்சும் அஞ்சும் பத்தும் பதிய, வரியெல்லாம் கலைய, நேராகப் படிக்கு வந்து சேர்ந்தாள்.

"பாழாக்கிட்டீங்களே!"

"ஆமாண்ணே."

"நாலு வருசம் காத்திருந்தேனே!"

"இன்னும் ஒரு மணி நேரம் போச்சுன்னா கட்டைக்கு மசியாது. கத்தப் போறீங்களா, தேய்க்கப் போறீங்களா?"

அவர் பலகையைப் போட்டார். கட்டையை எடுத்தார்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டார்கள். முகம் வீட்டைப் பார்த்து, முதுகு தெருவைப் பார்த்து. பதிந்த தடத்தில் அவள் சாந்து வைத்து அழுத்தினாள். அவர் தேய்த்தார். அவள் வரி இழுத்தாள். இரண்டு பேரும் பலகையைப் பின்னால் நகர்த்தினார்கள். அவளும் அவசரப்படவில்லை, அவரும் அவசரப்படவில்லை. ஆனால் பாதை மளமளவென்று பின்னால் ஓடியது.

பத்தடி வந்ததும் சீனிச்சாமி கேட்டார்.

"மேஸ்திரி, பலகையும் கட்டையும் என்கிட்டதான இருந்துச்சு. இப்படித் தேச்சுக்கிட்டே வாங்கன்னு கேட்டுலருந்தே சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. நீங்க எதுக்கு மெனக்கெட்டு உள்ள வந்து மிதிச்சீங்க?"

"வந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். கட்டை மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

"உங்க காலு பட்டதும்தான் எனக்குக் கையி வந்துச்சு" என்றார் மெதுவாக.

"அந்த மூலையில மேடு தட்டுது, பாருங்க."

பார்த்தார். மேடுதான். முதல் தடவை தேய்த்தபோதே இருந்திருக்க வேண்டும், அவர் கண்ணில் படவில்லை. வழித்தார். அதற்கடுத்து ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. நிரப்பினார். பிறகு கேட்டுப் பக்கமிருந்து யார் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. உண்மையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? டீக்கடைக் கூட்டம் கடைக்குப் போய்விட்டது. கொத்தனார்கள் மட்டும் நின்றார்கள்.

மணி ஐந்தே முக்காலுக்கு அவர் குதிகால் கேட்டு இரும்பில் தட்டியது.

எழுந்து தெருவில் நின்றார். முட்டியைத் தட்டிவிட்டார். ஐயாத்துரை குழாயடியில் வைத்துக் கைகாலைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டி, வேட்டியைச் சுற்றிவிட்டார். கல்யாண மாப்பிள்ளையே தோற்றுப்போவான், அவ்வளவு அவசரம்.

"திங்கக்கிழமை அருப்புக்கோட்டையில ஒரு வேலை இருக்கு. அறுபதடி" என்றாள் வெள்ளைத்தாய். "எனக்குத் தோதுப்படாது. நீங்க ஆள் சேத்துக்கிட்டுப் போங்க."

சீனிச்சாமி சரி என்றார். துள்ளவில்லை, கும்பிடவில்லை. கரண்டியைக் கழுவித் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"வச்சுக்கோங்க" என்றாள் அவள்.

வைத்துக்கொண்டார். பைக்கில் ஏறி உட்கார்ந்தார். ஐயாத்துரை உதைத்தார், வண்டி உறுமியது.

"அண்ணே!" என்று கூப்பிட்டாள் வெள்ளைத்தாய். "நாலு வருசம் கேட்டு வாங்குன பாதை. ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போகக் கூடாதா?"

"அதைத்தான மேஸ்திரி வழி பூராப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்றார் சீனிச்சாமி. "நீ வண்டியை எடு மச்சான்."