தொட்டியைக் கொன்றவர்

இந்தக் கதை என் தலையில் வெகுநாளாகக் கிடக்கிறது. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்டவர்களோ ஆளுக்கொரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நீங்களாவது முழுதாகக் கேளுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஆத்தூர்ப் பக்கம் அர்த்தநாரி என்பவருக்கு ஒரு ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் இருக்கிறதே, அது புளித்துப்போய் ஊரே நாறும். அதை ஓடையில் விட்டுவிட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை விட்டால் ஆலைக்குச் சீல்" என்று அதிகாரிகள் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அப்போது வந்தவள்தான் இன்பரசி. இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கியவள். நண்பர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, தனியாகவே இழுத்துக்கொண்டிருந்தாள். ஆலைக்குப் பின்னால் மூடிய தொட்டி ஒன்று கட்டினாள். அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புளித்த தண்ணீரின் அழுக்கைத் தின்று எரிவாயுவைக் கொடுக்கும். அந்த வாயுவில் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பு எரியும். தெளிந்த தண்ணீர் பக்கத்துக் காட்டுப் பொன்னாயியின் சோளத்துக்குப் போகும். அந்த உயிர்களை வளர்த்தெடுக்க ஏழு மாதம் ஆனது. கிருமி என்று சொன்னால் ஊர் பயப்படுமே என்று, "உள்ள நம்ம புள்ளைங்க இருக்குதுங்க" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள வேடியப்பன் என்பவரை வைத்தாள். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். இந்த வேலை போனால் வேறு யாரும் அவரைக் கூப்பிடப் போவதில்லை. பதினெட்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவியவர். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் அவரை எடுத்தாள். தொட்டிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் தன் கையாலேயே எழுதியும் வைத்தாள்: "சுத்தமே முதல் வேலை."

ஒரு புதன்கிழமை வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தார்கள். "நாற்றமே இல்லையே!" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை அடுப்பு அணைந்துவிட்டது. தொட்டி செத்துவிட்டது.

புது உயிர்கள் பிடிக்கட்டும் என்று இன்பரசி மூன்று முறை சாணம் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். மூன்றும் வீண். புளித்த தண்ணீரைத் தேக்கிய குட்டை இன்னும் பத்து நாள்தான் தாங்கும். அர்த்தநாரி குதித்தார்.

"எவனோ வேணும்னே பண்ணியிருக்கான்மா. யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வே?"

"தொட்டியைக் கொன்னவங்க யாரா இருந்தாலும் சரி, இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. இது என் வாக்கு" என்றாள்.

அதோடு நின்றாளா? ஆட்களைக் கூட்டி வைத்து இன்னொன்றும் சொன்னாள். "என்ன காரணம்னு சொல்றவங்க கையில தொட்டிச் சாவியைக் குடுத்துடறேன். இனிமே அவங்கதான் இங்க பொறுப்பு." ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா?

பொன்னாயி முன்பு இதே தொட்டிச் சேற்றில் நாலு குடம் வாங்கிப்போய்த் தன் வீட்டுச் சாண எரிவாயுக் குழியில் விட்டிருந்தாள். அங்கே அந்த உயிர்கள் நன்றாக இருந்தன. "என் அடுப்பு எரியாட்டிப் போகுது, எடுத்துக்க கண்ணு" என்று அவளே சுமந்து வந்து கொடுத்தாள். இன்பரசி குடத்தைத் தொட்டிக்குள் தண்ணீர் போகும் வாய்க்காலுக்கு மேல் சாய்த்தாள். தூக்கமில்லாத களைப்பில் வாய்தவறி வந்துவிட்டது.

"இதான் கடைசிக் கிருமி. இதுவும் செத்தா நான் பொட்டியைக் கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

வேடியப்பன் குடத்தைப் பிடித்துக்கொண்டார். "மேடம், ஊத்தாதீங்க. உள்ள இருக்கறது கிருமிங்களா?"

"ஆமாண்ணா. நல்ல கிருமி."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, அப்போ நான்தான் கொன்னுட்டேன். பெரியவங்க வர்றாங்கன்னு இந்த வாய்க்காலுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். மெச்சிட்டுப் போனாங்களேன்னு தெனம் விடியறப்பவே போட்டேன். இன்னிக்குப் போட்டது இன்னும் கிடக்குது. ஊத்தினா இதுவும் செத்துரும். என்னை அனுப்பிடுங்க மேடம். ஆனா முதல்ல இதைக் கழுவி விட்டுடறேன்."

அழுதுகொண்டே இரண்டு நாள் அவர் வாய்க்காலைக் கழுவினார். பிறகுதான் பொன்னாயியின் சேறு உள்ளே போனது. குட்டை நிரம்ப ஒரு சாண் இருக்கும்போது அடுப்பில் நீலமாய்ச் சுடர் வந்தது. பொன்னாயி விசும்பிவிட்டாள்.

அன்றைக்கே பஞ்சாயத்தும் வந்தது. "வாக்குன்னா வாக்கு, கொன்னவனை வெளியே அனுப்பு" என்றார் அர்த்தநாரி. "காரணத்தைச் சொன்னது யாருங்க? சாவியைக் குடுங்க" என்றார்கள் ஆட்கள். இன்பரசி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கொன்றவர் கேட்டுக்குள் வரக்கூடாது. காரணம் சொன்னவர் பொறுப்பேற்க வேண்டும். இரண்டும் அவள் வாயால் சொன்ன வாக்கு. அவள் எதைக் காப்பாற்ற வேண்டும்? யாரை வெளியே அனுப்புவது சரி? வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: இரண்டு வாக்கையும் அவள் காப்பாற்றினாள். சாவியை வேடியப்பன் கையில் வைத்தாள். "ஆஸ்பத்திரி கழுவினவர்கிட்டச் சுத்தம்தான் முதல் வேலைன்னு எழுதி வச்சது நான். உள்ள இருக்கறது கிருமின்னு சொல்லாம மறைச்சதும் நான். பவுடர் போட்டது அவர் கை, கொன்னது நான்" என்று சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டி வெளியே போனாள். இன்றுவரை அவள் உள்ளே வரவில்லை. தினமும் காலையில் வேடியப்பன் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நொண்டி நொண்டி வருகிறார். அவள் வெளியே நின்றபடி வாங்கிப் பார்த்து, அன்றைய வேலையைச் சொல்கிறாள். "உள்ள வாங்களேன் மேடம்" என்று அவரும் தினமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.