செங்கோடர் மீசையும் அரிசி ஃபங்ஷனும்

சத்தியம், சத்தியம், தலையில் அடித்துச் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் இனி என் சோற்றுக்கு உப்பே வேண்டாம்.

மலையடிவார மடமொன்றில் மரகதவல்லி என்று ஒரு குரு. வயது முப்பது, மடத்துக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. சீடர் செங்கோடருக்கு அறுபத்திரண்டு. செங்கோடர் மீசையில் ஈரத்துண்டு காயப்போடலாம். மழைக்காலத்தில் மடத்தில் அப்படித்தான் காயப்போட்டார்கள்.

பந்திக்கு எத்தனை பேர் என்று தட்டினால் எத்தனை படி அரிசி என்று சொல்ல, எக்செல்லில் சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தார் செங்கோடர். "இது தப்பினா மீசையை எடுத்துடறேன்" என்று சமையற்கட்டில் சவால் வேறு.

திருவிழா அன்று உலை கொதித்தது. சமையல்காரர் குப்பாண்டி எக்செல்லின் காய்கறிப் பக்கத்தில் ஆள்கணக்கைத் தட்டிவிட்டு, அரிசிப் பக்கத்தைத் திறந்தார். எரர்.

செங்கோடர் ஓடிவந்து, திறந்திருந்த அரிசிப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை மறுபடி கணக்கிடச் சொன்னார். சமர்த்தாக இருநூறு படி என்றது. இன்னொரு பஸ் வந்தது. குப்பாண்டி பழையபடி காய்கறிப் பக்கத்தில் தட்டினார். மறுபடி எரர்.

"உம்ம கைராசி அப்படி!" என்றார் செங்கோடர்.

"என் கையா? நாவிதர் வந்தாச்சு, நுரையும் போட்டாச்சு. உட்காரும்யா!"

செங்கோடர் குருவிடம் ஓடினார். "குருவே, எனக்கு ஒழுங்கா வருது. இவருக்கு மட்டும் ஏன் வரல?"

குரு ஃபங்ஷனைப் படித்துப் பார்த்தார். சிரித்தார். துண்டை எடுத்துச் சீடரின் கண்ணைக் கட்டினார்.

"வலப்பக்கம் இருக்கறதை எடுத்துக் குடிங்க ஐயா."

நீர்மோர். "ஆஹா!"

தோளைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். "இப்பவும் அதேதான். வலப்பக்கம் இருக்கறதைக் குடிங்க."

நாவிதரின் நுரைக் கிண்ணம். செங்கோடர் துப்பிய குமிழி கொடிமரத்தைத் தாண்டிப் போனது.

"மாத்தி வெச்சுட்டீங்க குருவே!"

"நான் எதையும் தொடல. நீங்கதான் திரும்பினீங்க."

செங்கோடர் கட்டை அவிழ்த்துத் தாம் எழுதிய வரியைப் பார்த்தார். 'திறந்திருக்கும் பக்கத்தில், மூன்றாம் கட்டத்து அளவை எடு.' அரிசிப் பக்கத்தில் அந்தக் கட்டத்தில் ஆளுக்கு இத்தனை என்ற அளவு இருந்தது. காய்கறிப் பக்கத்தில் அதே கட்டத்தில் கத்திரிக்காய்.

"ஐயையோ, ரெண்டாயிரம் பேரைக் கத்திரிக்காயால பெருக்கச் சொல்லியிருக்கேன்!"

சமையற்கட்டே குலுங்கியது. செங்கோடர் விடவில்லை. "அப்போ இவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சதுதானே தப்பு?"

"அவர் எங்க வேணா பார்ப்பார் ஐயா. உங்க ஃபங்ஷன் எதுக்கு அவர் கண்ணால பார்க்குது?"

செங்கோடர் 'திறந்திருக்கும்' என்பதை அடித்துவிட்டு 'அரிசி' என்று எழுதினார். எண் வந்தது, அரிசி உலைக்குப் போனது, நாவிதர் மீசையை மறந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

யார் சொன்னது என்று எவராவது கேட்டால், காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவிடுங்கள்.