கோழியைத் திருடிய வண்டிமலச்சி

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் சார் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். அங்கே பெருக்கி, போர்டு அழித்து, டீ கொண்டுவந்து கொடுப்பவள் வண்டிமலச்சி. அந்தப் பெயர் சாருக்கு வேடிக்கை. அதனால் பாடம் முழுக்க அவள் பெயர்தான்.

"ஹூ ஸ்டோல் த ஹென்?" என்பார். கோழியைத் திருடியது யாராம். நாற்பது பேரும், "வண்டிமலச்சி ஸ்டோல் த ஹென்" என்பார்கள். பொய் சொன்னது, வேலை நேரத்தில் தூங்கியது எல்லாம் அவளேதான். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஆண்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். போர்டு நிறைய அதே வாக்கியங்கள். அவர் முன்னாலேயே வண்டிமலச்சி கேட்டாள்: "சார், அது எங்க குலசாமி பேரு. ஒருதடவையாவது நல்ல வாக்கியத்துல வரக்கூடாதா?"

சார் சிரித்தார். "அந்தப் பேருக்கு இங்கிலீஷ்ல நல்ல வாக்கியமே கிடையாது. இருந்தா நீ சொல்லு. அப்புறம் உன் பேரைத் தொடவே மாட்டேன்."

"நான் எதுக்கு சார் சொல்லணும்? உங்க பிள்ளைகளே சொல்லும்."

அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். மூன்று மாதம் காதில் விழுந்த இங்கிலீஷ் வீண்போகவில்லை.

"ஹூ டீச்சஸ் இங்கிலீஷ்?"

பழக்கதோஷம். நாற்பது பேரும் ஒரே குரலில், "வண்டிமலச்சி டீச்சஸ் இங்கிலீஷ்" என்றார்கள்.

அதிகாரி எழுந்து அவளுக்குக் கும்பிடு போட்டார். பிறகு சாரைக் காட்டி, "அப்ப இவர் யாரு, டீச்சர்?" என்று கேட்டார்.

வண்டிமலச்சி டஸ்டரை எடுத்து சார் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு போர்டு அழிக்க வந்தவரு, ஐயா."